பரிசிலா? கூலியா?

பரிசு என்னும் சொல் பழந்தமிழில் தன்மை, விதம் என்னும் பொருள்களிலேயே பெரிதும் வழங்கியது. புலவர்க்கும் பாணர்க்கும் வள்ளல்கள் கொடுத்ததைப் பரிசில் என்றனர். அதனை நாடி வந்தவன் பரிசிலன். பரிசில் கடாநிலை, பரிசில் விடை எனப் புறப்பாடல்களுக்குத் துறைகளும் வகுக்கப்பட்டன. செய்த வேலைக்கு ஈடாகப் பெறுவதோ கூலி. காரியம் ஆக வேண்டும் என்பதற்காக மறைவில் நீட்டப்படுவது கையூட்டு. மூன்றும் வெவ்வேறு செயல்கள். ஆகவே வெவ்வேறு சொற்கள். இன்று நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு நாம் நீட்டுகின்ற அனைத்தையும் பரிசு என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றோம். சொல் ஒன்றாகிவிட்டமையால் செயலும் ஒன்றே என்று மயங்குகின்றோம். குழந்தைக்கு அம்மயக்கம் இல்லை. தன் கையில் வந்து விழுந்தது கொடையா, கூலியா, கையூட்டா என்பதை அது நம்மினும் தெளிவாக அறியும் என்பதே என் கருத்து.

நாள்தோறும் நாம் காண்பவற்றையே எண்ணிப் பார்ப்போம். பத்தாம் வகுப்பில் 450 மதிப்பெண் எடுத்தால் மிதிவண்டி என்று தந்தை அறிவிக்கின்றார். இது கூலி பேசுதல். கடைத்தெருவில் தரையில் புரண்டு அழும் பிள்ளையின் அழுகையை நிறுத்தத் தாய் மிட்டாய் வாங்கித் தருகின்றார். இது கையூட்டு. இங்கே பழக்கப்படுவது பிள்ளை மட்டும் அன்று; அழுதால் மிட்டாய் வரும் என்பதைப் பிள்ளையும், மிட்டாய் தந்தால் அழுகை நிற்கும் என்பதைத் தாயும் ஒருங்கே கற்றுக்கொள்கின்றனர். மறுமுறை கடைத்தெருவுக்குப் போகும்போது இருவரும் தத்தம் பாடத்தை மறவாமல் ஒப்பிப்பர். இனி, ஒருவரும் சொல்லாமலேயே பெத்தம்மாவின் கட்டிலருகே தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு ஓடுகின்ற பேத்தியை அழைத்து, அம்மூதாட்டி தம் சுருக்குப் பையை அவிழ்த்து ஐந்து ரூபாயை எடுத்துக் கொடுக்கின்றாரே, அதுதான் பரிசில். அப்பேத்தி அதனை எதிர்பார்த்துத் தண்ணீர் வைக்கவில்லை. நாளை ஐந்து ரூபாய் வாராவிடினும் தண்ணீர் வைப்பாள்.

நற்செயலுக்கு இனாம் தரும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலும் இருந்ததுதான். ஆயின் அதனை ஒரு முறையாக, ஏறத்தாழ ஓர் இயந்திரமாக ஆக்கியது கடந்த நூற்றாண்டின் அமெரிக்க உளவியல். அத்துறையில் பெயர் பெற்ற பி.எஃப். ஸ்கின்னர் (1904-1990) எலிகளையும் புறாக்களையும் கொண்டு ஆய்வு நடத்தினார். ஒரு நெம்பை அழுத்தியவுடன் இரை விழுமானால் எலி மீண்டும் மீண்டும் அதனை அழுத்தும். எந்தச் செயலின் பின் பயன் கிட்டுகிறதோ அந்தச் செயல் வலுப்பெறும் என்பது அவ்வாய்வுகளின் சாரம். 1960களில் இல்லினாய் மாநிலத்தில் அன்னா என்னும் ஊரின் அரசு மனநல மருத்துவமனையில், டியோடோரோ அயியோன், நேதன் அஸ்ரின் ஆகிய இருவரும் இக்கொள்கையை நோயாளிகளிடம் நடைமுறைப்படுத்தினர். குறித்த வேலைகளைச் செய்தால் ஒரு வில்லை கிட்டும். வில்லைகளைச் சேர்த்து விரும்பிய பொருளையோ வசதியையோ பெற்றுக்கொள்ளலாம். பல ஆண்டுகளாக முடங்கிக் கிடந்தோர் பலர் அதனால் எழுந்து நடமாடினர் என்பது மெய். அம்முறை அங்கிருந்து வகுப்பறைக்கும், வகுப்பறையிலிருந்து வீட்டுக்கும் வந்தது. இன்று நம்மூர் மழலையர் பள்ளிக் குறிப்பேடுகளில் ஒட்டப்படும் வண்ண நட்சத்திரங்கள் அவ்வில்லைகளின் பேரப்பிள்ளைகளே. ஒன்றை மட்டும் சொல்லி மேலே செல்கின்றேன். ஸ்கின்னருடைய எலிக்கூண்டில் தாய் இல்லை, தந்தை இல்லை, உடன்பிறந்தார் இல்லை. வீட்டுக்கும் கூண்டுக்கும் உள்ள அவ்வேறுபாடு சிறிதன்று.

இம்முறைக்கு உள்ள பெருங்குறையை வெளிக்கொணர்ந்ததும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றே. 1973ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்திய ஆய்வினை வெளியிட்டனர். வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் தாமாகவே விருப்பம் கொண்ட குழந்தைகளை அவர்கள் தெரிந்தெடுத்தனர். ஒரு பிரிவினரிடம், படம் வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் ஒன்று தரப்படும் என்று முன்னரே கூறினர், வரைந்தபின் தந்தனர். மற்றொரு பிரிவினர்க்கு முன்னர் ஒன்றும் கூறாது, வரைந்து முடித்தபின் எதிர்பாராத வகையில் அதே சான்றிதழைத் தந்தனர். மூன்றாம் பிரிவினர்க்கு ஒன்றும் தரவில்லை. ஒன்றிரண்டு வாரங்கள் கழிந்தபின் வகுப்பறையில் அதே பேனாக்களை வைத்துவிட்டு, எவர் எவ்வளவு நேரம் வரைகின்றனர் என்று மறைவிலிருந்து நோக்கினர். முன்னரே பரிசு பேசப்பெற்ற குழந்தைகள் ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியளவே வரைந்தனர். பரிசுக்காக அவர்கள் வரைந்த படங்களும் தரத்தில் தாழ்ந்திருந்தன. எதிர்பாராமல் பெற்றவர்களுக்கோ எந்த இழப்பும் நேரவில்லை.

பொருள் ஒன்றே, முத்திரை ஒன்றே, நாடாவும் ஒன்றே. முன்னர்ப் பேசியதா, பின்னர் வந்ததா என்பதே வேறுபாடு. விளையாட்டாக இருந்த ஒன்று, விலை பேசப்பட்டவுடன் வேலையாகிவிட்டது. வேலைக்குக் கூலி நின்றால் எவர்தாம் வேலை செய்வர்?

இதன் முதிர்ந்த விளைவைக் காணக் கல்லூரி ஆசிரியர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இத்தகைய மலர் ஒன்றுக்குக் கட்டுரை எழுதித் தருமாறு முன்பொருமுறை மாணவர்களைக் கேட்டபோது, நன்கு எழுதவல்ல மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் உண்டா?” என்று மிகப் பணிவுடன் வினவினார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவ்வினாவில் தவறு ஏதும் இல்லை. மூன்று வயதில் ஒரு வாய்ச் சோற்றுக்கு ஒரு மிட்டாய், ஏழு வயதில் ஒரு வாய்பாட்டுக்கு ஒரு பொம்மை, பதினைந்து வயதில் ஒரு தேர்வுக்கு ஒரு கைப்பேசி என்று பதினெட்டு ஆண்டுகள் பயிற்றுவிக்கப்பட்ட ஒருவர் வேறு எதனைக் கேட்பார்?

அறிஞர் அனைவரும் இதில் ஒருமித்த கருத்தினர் என்று கூறிவிடுதல் நேர்மை ஆகாது. 1994ஆம் ஆண்டு ஜூடி கேமரன், டேவிட் பியர்ஸ் ஆகியோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, பரிசினால் பெருங்கேடு ஒன்றும் இல்லை என்று எழுதினர். 1999இல் எட்வர்டு டெசியும் அவர்தம் தோழர்களும் 128 ஆய்வுகளைத் தொகுத்து, முன்கூட்டிப் பேசிக் கொடுக்கப்படும் பொருட்பரிசு உள்ளார்ந்த ஈடுபாட்டைக் குறைக்கவே செய்கின்றது என்று மறுத்தனர். வழக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. எனினும், தொடக்கத்திலேயே விருப்பம் இல்லாத செயலுக்குச் சிறு பரிசு தருவதால் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுவதே. கசப்பு மருந்தை விழுங்கியதும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாவில் இடுவதை எவரும் குறை கூறார். பல் துலக்கப் பழகும் சிறுவனுக்குச் சில நாள் நட்சத்திரம் ஒட்டலாம். பழக்கம் ஊன்றியபின் நட்சத்திரம் தானே உதிர்ந்துவிடும். ஓரிடத்தில் நிலைகொள்ள இயலாமல் தவிக்கும் குழந்தைகளுக்கு மருத்துவர் வழிகாட்டுதலுடன் இத்தகைய முறைகள் கைகொடுப்பதும் உண்டு. அக்குழந்தைகளின் பெற்றோர் இக்கட்டுரையைப் படித்துத் தம் முயற்சியைக் கைவிடலாகாது.

நான் அஞ்சுவது வேறிடத்தில். குழந்தை தானாகவே செய்ய விரும்புகின்ற நற்செயல்களுக்கும் நாம் விலை குறித்துவிடுகின்றோம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பெலிக்ஸ் வார்னேக்கன், மைக்கேல் டொமசெல்லோ ஆகியோர் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அதில் பங்கு கொண்டோர் 20 மாதக் குழந்தைகள். பெரியவர் ஒருவர் ஒரு பொருளைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பதுபோல் காட்டுவார். பெரும்பாலான குழந்தைகள் தளர்நடையிட்டுச் சென்று எடுத்துத் தந்தன. சில குழந்தைகளுக்கு அதற்காக விளையாட்டுப் பொருள் தரப்பட்டது. சிலவற்றுக்குப் பாராட்டுமொழி மட்டும். சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. பின்னர்ப் பொருள் தருவதை நிறுத்தியபோது, முன்னர்ப் பொருள் பெற்ற குழந்தைகளே உதவுவதில் பின்தங்கின. பாராட்டப்பெற்ற குழந்தைகளும், எதுவும் பெறாத குழந்தைகளும் முன்போலவே உதவின. பேச்சு முற்றாக வாராத அவ்வயதிலேயே உதவும் உள்ளம் இருக்கிறது. அது நாம் ஊட்டியதன்று. நாம் செய்யக் கூடியதெல்லாம் அதனைக் கெடாமல் காப்பதே.

இனி, நம் வீடுகளுக்குள் உள்ள ஒரு கணக்கினைச் சொல்ல வேண்டும். பெரியோர்கள் பொறுத்தருள்க. நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பின்னர்த் தூக்குவாளியுடன் பள்ளிவாசலுக்குச் சென்று கஞ்சி வாங்கி வரும் பையனுக்குப் பத்து ரூபாய் கிடைக்கின்றது. “சமர்த்துப் பிள்ளை” என்னும் பாராட்டும் உடன் கிடைக்கின்றது. அதே நேரத்தில் அடுக்களையில் வெங்காயம் உரித்து, வடைக்கு மாவு அரைத்து, கோப்பைகளைக் கழுவி அடுக்கி, நோன்பு திறந்தபின் அவற்றை மீண்டும் கழுவுகின்ற அவன் தங்கைக்கு என்ன கிடைக்கின்றது? அவள் செய்வது பெண்பிள்ளையின் கடமை. அவன் செய்வது பேருதவி! பரிசு என்பது எதனை இயல்பு என்றும் எதனை அருமை என்றும் நாம் கருதுகின்றோம் என்பதைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி. பையனுக்குத் தரும் பத்து ரூபாய், வீட்டு வேலை உன்னுடையதன்று, செய்தால் அது சலுகை என்று அவனுக்குக் கற்பிக்கின்றது. அவளுக்கும் பத்து ரூபாய் தருக என்று நான் கூறவில்லை. அவனுக்குத் தருவதை நிறுத்திவிட்டு, கோப்பைகளைக் கழுவும் வேலையில் பாதியை அவனிடம் ஒப்படைக்கலாம். சில அன்னையர் இதற்கு உடன்படமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களுக்கு மருமகளாக வரப்போகும் பெண் உடன்படுவாள்.

சமுதாயப் பெரியவர் ஒருவர் இக்கருத்துகளைக் கேட்டுவிட்டு, “நன்மைக்குக் கூலி உண்டு என்று மார்க்கமே சொல்கிறதே, சுவனத்தை எதிர்பார்த்துத்தானே தொழுகிறோம், பிள்ளைக்குக் கைக்கடிகாரம் தந்தால் மட்டும் குற்றமா?” என்றார். தட்டிக்கழிக்கக் கூடிய வினா அன்று. நன்மைக்குக் கூலி உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆயின் செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பதும் அதே மார்க்கம் கூறுவதே. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளித்து, பதிலுக்குக் கைம்மாறோ நன்றியோ வேண்டாம் என்போரைத் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் சிறப்பித்துப் பேசுகின்றது. மேலும், மறுமைக் கூலி இன்றைக்கே கையில் விழுவதில்லை. அதற்குக் காத்திருத்தலே ஒரு பயிற்சி. கைக்கடிகாரமோ இவ்வெள்ளிக்கிழமையே கையில் ஏறிவிடும். அடுத்த வெள்ளி அப்பையன் எதற்காகப் பள்ளிக்குப் போவான்?

நோன்பையும் குழந்தைகளையும் பற்றி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள ஒரு செய்தி இவ்விடத்தில் நினையத்தக்கது. ஆஷூரா நோன்பன்று தம் சிறார்களையும் நோன்பிருக்கச் செய்ததையும், பசித்து அழும் குழந்தைக்குக் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை அதனை ஆற்றியதையும் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். கம்பளிப் பொம்மை எப்போது கொடுக்கப்பட்டது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். நோன்பு முடிந்தபின் கூலியாக அன்று. நோன்பின் நடுவே, அழுகையின் நடுவே, துணையாக. “நோன்பு பிடித்தால் நூறு ரூபாய்” என்பதற்கும், பிற்பகல் மூன்று மணிக்கு வாடிய முகத்துடன் சுருண்டு கிடக்கும் பிள்ளையின் அருகே அமர்ந்து கதை சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவு இதுவே. நண்பகல் வரை மட்டும் பிடிக்கின்ற அரை நோன்பைக்கூட அரை நோன்பு என்று கேலி செய்யாமல் ஏற்றுக்கொண்ட நம் உம்மாமார்களுக்கு இது நன்கு தெரிந்திருந்தது. பெருநாள் காசும் அவ்வாறே. தொழுதுவிட்டு வந்த பெரியவர்கள் வரிசையாக நிற்கும் சிறார்களின் கையில் புது நோட்டுகளை வைக்கும்போது, நீ எத்தனை நோன்பு பிடித்தாய் என்று கணக்குக் கேட்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து நின்றாலும் ஒரு நோட்டு உண்டு. அண்மைக் காலமாகச் சில வீடுகளில் நோன்பின் எண்ணிக்கைக்கேற்பக் காசு என்னும் வழக்கம் தலைகாட்டுகின்றது. பெருநாள் காசு அங்கே மாதச் சம்பளம் ஆகிவிடுகின்றது.

பரிசில் வாழ்க்கையை நன்கறிந்த புலவர் பெருஞ்சித்திரனார். வறுமை அவரை வாட்டியது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் அவர் சென்றபோது, அம்மன்னன் அவரை நேரில் காணாமலேயே, இதனைக் கொண்டு செல்க என்று பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் ஏற்கவில்லை. தம்மைக் காணாமல் தரும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் பரிசிலை வாணிகமாகக் கொண்டவர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தந்தால் தினையளவாயினும் இனிது என்றும் பாடிய அப்பாட்டு புறநானூற்றில் 208ஆவது. அதே புலவர் குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பியபோது, தம் மனைவியை நோக்கி, உறவினர், கடன் கொடுத்தவர், இன்னார் இனியார் என்று பாராது எல்லார்க்கும் கொடு, என்னைக் கேட்கவும் வேண்டாம் என்கின்றார். அது 163ஆவது பாட்டு. கூலியாகப் பெற்றதை எண்ணி எண்ணிப் பூட்டி வைக்கும் மனிதன், அன்புடன் தரப்பட்டதை அள்ளி அள்ளிக் கொடுக்கின்றான். குழந்தைகளிடமும் இதனைக் காணலாம். மதிப்பெண்ணுக்குப் பெற்ற மிதிவண்டியைத் தம்பி தொட்டால் அடி விழும். மாமா வந்தபோது வாங்கி வந்த பந்தைத் தெருவே ஆடும்.

பெருஞ்சித்திரனாரின் சினம் நம் சமுதாயத்திற்கு மிக நெருங்கியது. நம் மாணவர்களில் பலருடைய தந்தையர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கின்றனர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து ஒன்றிரண்டு மாதங்கள் தங்கிச் செல்லும் தந்தைக்குப் பிள்ளையிடம் தன் அன்பைக் காட்ட உள்ள வழி மிகக் குறுகியது. வெயிலிலும் தனிமையிலும் ஈட்டிய பணத்தைப் பொருளாக்கி அனுப்புவதை எவ்விதத்திலும் நான் இழிவுபடுத்தேன். ஆனால் தொலைபேசியில் அவர் பேசும் பேச்சைச் சற்றுக் கவனிக்க வேண்டும். “நன்றாகப் படி, முதல் ரேங்க் எடுத்தால் அத்தா கம்ப்யூட்டர் வாங்கி வருவேன். குர்ஆன் ஓதி முடித்தால் வாட்ச். உம்மாவிடம் சண்டை போட்டால் ஒன்றும் கிடையாது.” உரையாடல் முழுவதும் ஒப்பந்தமாகவே முடிந்துவிடுகின்றது. மறுமுனையில் நிற்கும் சிறுவனுக்கும் வேறு பேச்சுத் தெரிவதில்லை. “எனக்கு என்ன வாங்கி வருவீங்க அத்தா?” என்று அவன் கேட்கும்போது, பொருளாசை பிடித்த பிள்ளை என்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர். அவனுக்கும் தந்தைக்கும் இடையே கற்பிக்கப்பட்ட மொழி அது ஒன்றே என்பதை மறந்துவிடுகின்றனர்.

அவர் ஊர் வந்து இறங்கி, கூடத்தின் நடுவே பெட்டியைப் பிரிக்கும் நாள் வருகின்றது. முதல் ரேங்க் எடுத்த மூத்தவனுக்குப் பேசியது வந்திருக்கின்றது. கணக்கில் தோற்ற இளையவன் கதவோரம் நிற்கின்றான். அவனுக்கும் அத்தா ஒரு சட்டை வாங்கி வந்திருப்பார். எந்தத் தந்தையும் வெறுங்கையுடன் வாரார். ஆயினும் இரண்டு ஆண்டுகளாகத் தொலைபேசியில் பேசப்பட்ட கணக்கின்படி அச்சட்டை தனக்கு உரியதன்று என்று அவன் எண்ணுகின்றான். “எடுத்துக்கோடா” என்று மூன்று முறை சொன்ன பிறகே கை நீட்டுகின்றான்.

பெட்டியில் என்ன வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் இருக்கலாம். தொலைபேசியில் பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில், இன்று மக்தபில் எந்தப் பாடம் ஓதினாய், எந்த எழுத்தில் நாக்குத் திணறுகின்றது, தம்பிக்கு வந்த காய்ச்சல் குறைந்ததா, கணக்கில் எந்த இடத்தில் புரியாமல் நிற்கின்றாய் என்று கேட்கலாம். இப்போது கைப்பேசியிலேயே முகம் பார்த்துப் பேச முடிகின்றது. அவன் வரைந்த படத்தை எடுத்துவரச் சொல்லி, இந்த ஆட்டுக்கு ஏன் மூன்று கால் என்று வினவலாம். நான்காவது கால் மறைந்திருக்கின்றது என்று அவன் விளக்குவான்.